அடுக்குமாடி வீட்டில் அன்றாட ஜெபம்: தொடங்குவதும் தொடர்வதும்

சிங்கப்பூர்த் தமிழ்ச் சபைகளில் டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எடுக்கப்படும் தீர்மானங்களில் மிகப் பொதுவானது, ‘இந்த வருஷம் அதிகாலை 4 மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் ஜெபிப்பேன்’ என்பது. சீனப் புத்தாண்டு வருவதற்குள் அது விட்டுப்போகிறது. பக்தி குறைந்துவிட்டதாக மனம் குத்துகிறது. உண்மையில் குறைந்தது தூக்கம். இரவு 11:30-க்குப் படுப்பவர் 4 மணிக்கு எழுந்தால் இரண்டாம் வாரத்தில் முழங்காலிலேயே கண் சொருகும். ஆகவே படுக்கும் நேரத்தை மாற்ற முடியாதவர் எழும் நேரத்தை மாற்றப் பார்க்க வேண்டாம். தினமும் 15 நிமிடம் போதும். மூன்று மாதம் அது நிலைத்த பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

இந்த வழிகாட்டி புதிதாகத் தொடங்குபவருக்கும், தொடங்கி நிறுத்திவிட்டவருக்கும். ஜெபம் என்று இங்கே எழுதுவதைக் கத்தோலிக்கர் செபம் என்று வாசித்துக்கொள்ளலாம். முறை இருவருக்கும் பொருந்தும்.

நேரமும் இடமும்

‘நேரம் கிடைக்கும்போது’ என்று வைத்தால் நேரம் கிடைக்காது. ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒரு வேலையோடு ஜெபத்தை இணைத்துவிடுங்கள். பல் துலக்கிய உடனே, காப்பி போடுவதற்கு முன், பிள்ளையைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டுத் திரும்பிய உடனே என்று இருக்கட்டும். கடிகார மணியைக் காட்டிலும் இது உறுதியாக நிற்கும். இரவுப் பணியாளருக்கு இது இன்னும் முக்கியம். துவாஸிலோ ஜூரோங்கிலோ இரவு வேலை முடித்து காலை 8 மணிக்கு வருபவருக்கு ‘அதிகாலை ஜெபம்’ என்று ஒன்று இல்லை. குளித்துவிட்டு, சாப்பிடும் முன் 15 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் பணிநேரம் மாறினாலும் ஜெபம் மாறாது.

தாவீது ‘அந்தி சந்தி மத்தியான வேளைகளிலும்’ என்று மூன்று வேளை சொல்கிறார் (சங்கீதம் 55:17). தானியேலும் மூன்று வேளை முழங்காற்படியிட்டார் (தானியேல் 6:10). இயேசு இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போனார் (மாற்கு 1:35). முந்தின நாள் மாலை ஊரே வீட்டு வாசலில் திரண்டிருந்தது. மறுநாள் அவர் ஜெபிக்கிற இடத்துக்கே சீமோன் தேடி வந்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறார். இடைஞ்சல் இல்லாத நாளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இடம் ஒன்றே இருக்கட்டும். மூன்றறை வீட்டில் ஆறு பேர் இருந்தால் தனி அறை கிடைக்காது. கட்டிலின் ஓரம், சன்னலோர நாற்காலி, சமையலறையில் துணி காயும் பக்கம், எதுவானாலும் சரி. அங்கே வேதாகமம், குறிப்பேடு, பேனா மூன்றும் முந்தின இரவே இருக்க வேண்டும். காலையில் பேனா தேடப் போனால் கைபேசி கண்ணில் படும், அத்தோடு முடிந்தது. வெளிநாட்டு ஊழியர் விடுதியில் ஒரே அறையில் பலரோடு தங்குபவர்கள் மாடிப்படியிலோ, வளாகத்துக்குள் நடந்துகொண்டோ ஜெபிக்கலாம். கண்ணை மூடுவதும் முழங்காலிடுவதும் நல்ல பழக்கங்கள், ஆனால் நிபந்தனைகள் அல்ல. வீட்டு வேலை செய்யும் சகோதரிகளுக்குப் பெரும்பாலும் கடைசி வேலை முடிந்த பிறகுதான் நேரம் சொந்தம். அந்தக் களைப்பில் 15 நிமிடம் முடியாது. ஒரு சங்கீதமும் ஐந்து நிமிடமும் முழுமையான ஜெபம்தான், குறைந்த ஜெபம் அல்ல.

குரல் எழுப்பி ஜெபிப்பது நம்மவர்களுக்குப் பழக்கம். அடுக்குமாடிச் சுவர் மெல்லியது. இரவு 10-க்குப் பிறகும் விடியுமுன்னும் உதடு மட்டும் அசையட்டும். அன்னாள் அப்படித்தான் ஜெபித்தாள் (1 சாமுவேல் 1:13).

எம்ஆர்டி ரயிலில் ஜெபிக்கலாமா என்று கேட்பார்கள். தாராளமாக. ஆனால் அது இரண்டாம் வேளையாக இருக்கட்டும். கூட்டத்தில் நின்றுகொண்டு எழுத முடியாது, வாசித்ததை நிறுத்தி யோசிக்க முடியாது. மற்றவர்களுக்காக மன்றாட ரயில் நல்ல இடம்: ஒரு நிலையத்துக்கு ஒரு பெயர்.

15 நிமிடத்தை எப்படிப் பிரிப்பது

முதல் 2 நிமிடம் பேசாமல் இருங்கள். அன்றைக்குச் செய்ய வேண்டிய வேலைகள் வரிசையாக வந்து நிற்கும். விரட்ட வேண்டாம், குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு சொல்லாக எழுதி வையுங்கள். ‘மின்கட்டணம்’, ‘அம்மாவுக்கு மாத்திரை’. எழுதிய பிறகு அது திரும்ப வந்து தொந்தரவு செய்யாது.

அடுத்த 5 நிமிடம் வாசிப்பு. வேதாகமத்தை எங்காவது திறந்து கண்ணில் பட்டதை வாசிப்பது வேண்டாம். மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். 16 அதிகாரம்தான், நாளுக்கு அரை அதிகாரம் என்றால் ஏறக்குறைய ஒரு மாதம். பிறகு சங்கீதம், நாளுக்கு ஒன்று. 150 சங்கீதத்துக்கு ஐந்து மாதம். 119-ஆம் சங்கீதம் 176 வசனம் என்று பயப்பட வேண்டாம், அது எட்டு எட்டு வசனமாக 22 பகுதிகளாகவே அமைந்திருக்கிறது. ஆதியாகமத்தில் தொடங்கி வரிசையாகப் போகிறவர்கள் பெரும்பாலும் லேவியராகமத்தில் நின்றுவிடுகிறார்கள். முதல் வருஷத்துக்கு அந்த வழி கடினம்.

எந்த மொழிபெயர்ப்பு? சபைகளில் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பின் நடை மனப்பாடத்துக்கு ஈடில்லாதது. பொருள் பிடிபடாத இடத்தில் எளிய தமிழ்ப் பதிப்பையோ ஆங்கிலப் பதிப்பையோ பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கத்தோலிக்கர் 1995-இல் வந்த திருவிவிலியத்தை வாசிப்பார்கள். இரண்டையும் ஒப்பிட்டு வாசிப்பது யாருக்கும் நல்லது.

அடுத்த 6 நிமிடம் ஜெபம். என்ன சொல்வது என்று தெரியாதவருக்கு இயேசுவே ஒரு வரைவு கொடுத்திருக்கிறார்: பரமண்டல ஜெபம். அதை ஒரே மூச்சில் சொல்லி முடிக்காமல், ஒவ்வொரு வரியிலும் நின்று சொந்த வார்த்தை சேருங்கள். ‘உம்முடைய சித்தம் செய்யப்படுவதாக’ என்றதும் இன்று நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு எதுவோ அதைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். ‘எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்’ என்ற இடத்தில் வாடகை, சம்பளம், ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம். ‘நாங்கள் மன்னிக்கிறதுபோல’ என்ற இடத்தில் ஒரு முகம் நினைவுக்கு வரும். அங்கேதான் பலரும் வேகமாகக் கடந்துபோவார்கள். அந்தப் பெயரைச் சொல்லுங்கள். மன்னிக்க மனம் வரவில்லையென்றால் அதையும் அப்படியே சொல்லுங்கள்.

மீதி 2 நிமிடம் எழுத.

குறிப்பேடு

நம்பிக்கை வளர்வதற்கு இந்தக் குறிப்பேடு அளவுக்கு உதவுவது வேறில்லை. மனிதர் மறப்பவர்கள். செங்கடலைக் கடந்தவர்கள் மூன்றாம் நாள் தண்ணீருக்காக முறுமுறுத்தார்கள் (யாத்திராகமம் 15:22-24). எழுதி வைக்காத பதில், கிடைத்த ஒரு வாரத்தில் ‘அது தானாகவே நடந்திருக்கும்’ என்று ஆகிவிடுகிறது.

பக்கத்தில் மூன்று கட்டம் போடுங்கள்: தேதி, விண்ணப்பம், நடந்தது. விண்ணப்பம் ஒரு வரிக்குள் இருக்கட்டும், குறிப்பாக இருக்கட்டும். ‘ஆண்டவரே, பிள்ளைகளை ஆசீர்வதியும்’ என்று எழுதினால் பதில் வந்ததா என்று எப்படித் தெரியும்? ‘புதன்கிழமை கணக்குத் தேர்வில் மகள் பதற்றமில்லாமல் எழுத’ என்று எழுதுங்கள். பர்திமேயு குருடன் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். இருந்தும் இயேசு, நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்று கேட்டார். அவன் வாயால் ‘பார்வை’ என்று சொல்ல வேண்டியிருந்தது (மாற்கு 10:51).

மற்றவர்களுக்கான மன்றாட்டைக் கிழமைகளுக்குப் பிரியுங்கள், இல்லையென்றால் பட்டியல் நீண்டு வாசிப்பாக மாறிவிடும். திங்கள் உடன் வேலை செய்பவர்கள், செவ்வாய் ஊரிலுள்ள சொந்தம், புதன் சபையும் போதகரும், வியாழன் இந்த நாடும் அதிகாரத்திலுள்ளவர்களும் (1 தீமோத்தேயு 2:1-2), வெள்ளி நோயாளிகள், சனி பகைத்துக்கொண்டவர்கள். ஒரு கிழமைக்கு ஐந்து பெயருக்கு மேல் வேண்டாம். ஞாயிறு கேட்க எதுவும் இல்லை, ஸ்தோத்திரம் மட்டும்.

மாதக் கடைசி ஞாயிறு பழைய பக்கங்களைத் திருப்பி மூன்றாம் கட்டத்தை நிரப்புங்கள். கேட்டபடி நடந்தது, வேறு விதமாக நடந்தது, இன்னும் காத்திருக்கிறேன், இல்லை என்று பதில் வந்தது. நான்கையும் எழுதுங்கள். கிடைத்ததை மட்டும் குறித்து வைப்பவரின் விசுவாசம் முதல் பெரிய ‘இல்லை’யில் ஆடிப்போகும்.

கவலை தலைக்கேறும் நாளில்

‘கர்த்தரை நம்பு, கவலைப்படாதே’ என்று சொல்வது எளிது. செய்வது எப்படி என்று யாரும் சொல்லித்தருவதில்லை. ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் இருக்கும் ஒரு வெளிநாட்டு ஊழியருக்கு ஆட்குறைப்பு. அனுமதி ரத்தானபின் பொதுவாக 30 நாள் குறுகியகால வருகை அனுமதிதான் கையில். மனைவி, பள்ளிக்குப் போகும் பிள்ளை, ஊரில் வீட்டுக் கடன். இரவு 2 மணிக்கு விழிப்பு வருகிறது.

அவர் செய்ய வேண்டியது: ஒரு தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் ‘என் கையில் உள்ளது’, வலப்பக்கம் ‘என் கையில் இல்லாதது’ என்று எழுதுவது. இடப்பக்கத்தில் வருபவை: சம்பளப் பாக்கி எவ்வளவு என்று எழுத்தில் கேட்பது, வேலைக்கு விண்ணப்பிக்க விவரக் கடிதத்தைத் திருத்துவது, வீட்டுக்காரரிடம் வாடகை ஒப்பந்தம் பேசுவது, ஊரில் அண்ணனிடம் உண்மையைச் சொல்வது. வலப்பக்கத்தில்: எந்த நிறுவனம் அழைக்கும், புதிய அனுமதி கிடைக்குமா, பிள்ளை நடு வருஷத்தில் பள்ளி மாறுமா.

இப்போது வலப்பக்கத்தை வரி வரியாக உதடசைத்து ஆண்டவரிடம் வாசிக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்குப் பிறகும் ‘இது உம்முடையது’ என்று சொல்ல வேண்டும். இடப்பக்கத்தில் நாளைக்குச் செய்யப்போகும் ஒன்றை மட்டும் வட்டமிட்டு, அதற்கான ஞானத்தைக் கேட்க வேண்டும். பிறகு தாளை மடித்து வேதாகமத்துக்குள் வைத்துவிட்டுப் படுக்கலாம். ‘அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்’ (மத்தேயு 6:34) என்பதற்கு நடைமுறை வடிவம் இதுதான்.

இரண்டு விதமாகத் தவறு நடக்கிறது. சிலர் இடப்பக்கத்தையும் ஆண்டவரிடம் கொடுத்துவிட்டு எதுவும் செய்யாமல் இருக்கிறார்கள். அதை விசுவாசம் என்று அழைக்கிறார்கள். வேறு சிலர் வலப்பக்கத்தையும் தாங்களே சுமந்து, ஜெபத்தில்கூட அதே கணக்கைத்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். இரண்டாம் ஆள் முழங்காலில் இருக்கும்போது ஜெபிக்கவில்லை, கவலைப்படுகிறார். அடையாளம் எளிது: பத்து நிமிடம் கழித்தும் ‘ஆண்டவரே’ என்ற விளி ஒருமுறைகூட வரவில்லையென்றால் அது தனக்குத்தானே பேசிக்கொள்வது. அப்போது விளித்துத் தொடங்குங்கள். பவுல் பிலிப்பியருக்கு, ‘நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல்’ என்று எழுதியது கட்டுண்டிருந்த நிலையில். அவர் அங்கே ஸ்தோத்திரத்தையும் விண்ணப்பத்தோடு சேர்க்கிறார் (4:6). ஆகவே தாளை மடிக்குமுன் நன்றி சொல்ல ஒன்றைக் கண்டுபிடியுங்கள், சிறியதாக இருந்தாலும்.

நம்பிக்கை வந்த பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருப்பவர்களுக்கு: ‘விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்’ என்று அழுத தகப்பனை இயேசு திருப்பி அனுப்பவில்லை, பிள்ளையைச் சுகமாக்கினார் (மாற்கு 9:24-27). அரை நம்பிக்கையோடு வரலாம். வந்து வந்துதான் அது வளரும்.

வாக்குத்தத்த வசனம்

புத்தாண்டு ஆராதனையில் கிடைக்கும் வாக்குத்தத்த அட்டை பல வீடுகளில் குளிர்பதனப் பெட்டி மேல் வருஷம் முழுவதும் இருக்கும். நல்லது. ஆனால் அட்டையில் உள்ளது ஒரு வசனம்; அது வேதாகமத்தில் ஓர் அதிகாரத்தின் நடுவில் இருக்கிறது. அந்த அதிகாரம் முழுவதையும் ஜனவரி முதல் வாரத்திலேயே வாசித்துவிடுங்கள்.

எரேமியா 29:11 அடிக்கடி வரும் ஒன்று: ‘அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.’ இது பாபிலோனுக்குச் சிறைபட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம். முந்தின வசனத்தில் 70 வருஷம் என்று இருக்கிறது. சீக்கிரம் திரும்பிவிடுவோம் என்று சொன்ன தீர்க்கதரிசிகளை நம்பாதீர்கள் என்றும், வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக விண்ணப்பம்பண்ணுங்கள் என்றும் அதே அதிகாரம் சொல்கிறது. இதை வாசித்தவர் ‘மார்ச்சுக்குள் பதவி உயர்வு’ என்று அந்த வசனத்தைப் பிடித்துக்கொள்ள மாட்டார். ஊரைவிட்டு வந்து இங்கே உழைப்பவருக்கோ இதைவிட ஆறுதலான அதிகாரம் அரிது. நீண்ட காத்திருப்பிலும் ஆண்டவர் நினைவாயிருக்கிறார் என்பதுதான் அங்கே உள்ள வாக்கு.

பதில் வராதபோது

முதலில் புலம்பக் கற்றுக்கொள்ளுங்கள். நம் ஜெபக்கூட்டங்களில் இதற்கு இடம் குறைவு; துக்கத்திலும் ‘ஸ்தோத்திரம்’ என்றே தொடங்கச் சொல்கிறோம். வேதாகமம் அப்படிச் சொல்லவில்லை. 13-ஆம் சங்கீதத்தைப் பாருங்கள், ஆறே வசனம். முதல் இரண்டு வசனம் முறையீடு: ‘எதுவரைக்கும்’ என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். அடுத்த இரண்டு வசனம் விண்ணப்பம்: நோக்கிப்பாரும், செவிகொடும், என் கண்களைத் தெளிவாக்கும். கடைசி இரண்டு வசனம்: ‘நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்.’ இதே வரிசையில் உங்கள் சொந்த சங்கீதத்தை எழுதுங்கள். இரண்டு வரி முறையீடு, இரண்டு வரி விண்ணப்பம், இரண்டு வரி நம்பிக்கை. கடைசி இரண்டு வரி இன்று வரவில்லையென்றால் நான்கோடு நிறுத்துங்கள். 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அதுவும் பரிசுத்த வேதம்தான்.

‘இல்லை’ என்பதும் பதில். பவுல் ‘மாம்சத்தில் முள்’ என்று தான் சொன்ன வேதனை நீங்க மூன்று தரம் வேண்டிக்கொண்டார்; முள் நீங்கவில்லை, ‘என் கிருபை உனக்குப் போதும்’ என்ற வார்த்தை வந்தது (2 கொரிந்தியர் 12:8-9). கெத்செமனேயில் இயேசுவே பாடுகளின் பாத்திரம் நீங்கும்படி கேட்டார். நீங்கவில்லை. எனவே நோயாளியிடம் ‘உங்களுக்கு விசுவாசம் போதவில்லை’ என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அது உண்மையும் அல்ல, அன்பும் அல்ல.

மாத்திரையை நிறுத்திவிட்டு ஜெபிப்பது விசுவாசம் ஆகாது. பவுலோடு இருந்த லூக்கா வைத்தியன். ஜெபித்துவிட்டுப் பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். மருத்துவரைப் பார்க்கும்முன் ஜெபியுங்கள், பார்த்த பிறகும் ஜெபியுங்கள். வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் இல்லாமல், ஜெபிக்கவே முடியாமல் இருந்தால் அதைப் பாவம் என்று எண்ண வேண்டாம். சாக வேண்டும் என்று கேட்ட எலியாவுக்கு ஆண்டவர் முதலில் கொடுத்தது தூக்கமும் அப்பமும் தண்ணீரும் (1 இராஜாக்கள் 19). உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அன்றே, அந்த நேரமே தற்கொலைத் தடுப்பு உதவிச் சேவையான எஸ்ஓஎஸ்ஸின் 1767 என்ற எண்ணை அழையுங்கள். 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள். போதகரிடமும் சொல்லுங்கள்.

குடும்ப ஜெபம்

பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். இரவு உணவு முடிந்து தட்டு எடுப்பதற்கு முன் எல்லாரும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் நேரம் சிறந்தது. ஒரு பாட்டின் ஒரு சரணம், ஐந்தாறு வசனம், ஆளுக்கு ஒரு வாக்கிய ஜெபம், கடைசியில் சேர்ந்து பரமண்டல ஜெபம்.

இங்கே பெரிய சிக்கல் மொழி. பிள்ளைகள் ஆங்கிலத்தில் யோசிக்கிறார்கள். ‘தமிழில் ஜெபி’ என்று அதட்டினால் ஜெபமும் போகும், தமிழும் போகும். பிள்ளை எந்த மொழியில் பேசுகிறதோ அந்த மொழியில் ஜெபிக்கட்டும். வசனத்தைத் தாத்தாவோ பாட்டியோ தமிழில் வாசிக்க, பிள்ளை அதையே ஆங்கிலத்தில் வாசிக்கட்டும். பரமண்டல ஜெபத்தை மட்டும் தமிழில் வைத்துக்கொள்ளுங்கள்: வாரத்துக்கு ஒரு வரி, எல்லாரும் சேர்ந்து, பொருள் சொல்லி. சில மாதத்தில் ஆறு வயதுப் பிள்ளைக்கும் மனப்பாடமாகிவிடும்.

பிள்ளையின் தவறை அதன் முன்னாலேயே ஜெபத்தில் சொல்லிக் கண்டிக்காதீர்கள். ‘ஆண்டவரே, இவன் கைபேசியை விடுகிறதில்லை’ என்று கேட்ட பையன் அடுத்த வாரம் அறைக் கதவைச் சாத்திக்கொள்வான். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு வருஷத்தில் இது இன்னும் கவனம் தேவைப்படும் இடம். மதிப்பெண்ணுக்காக மட்டுமே வீடு முழுவதும் ஜெபித்தால், மதிப்பெண் குறைந்த அன்று பிள்ளைக்கு ஆண்டவர்மேலும் சந்தேகம் வரும். ‘படித்ததை நினைவுபடுத்தும், முடிவு எதுவானாலும் எங்களோடு இரும்’ என்று ஜெபியுங்கள். முடிவு வரும் நாளிலும் அதே ஜெபத்தைச் சொல்ல முடியும்.

துணை

தனியாகத் தொடர்வது கடினம். ஒரே ஒருவரைத் துணையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆண்களுக்கு ஆண், பெண்களுக்குப் பெண் என்றால் பேச எளிது. வாரம் ஒருமுறை 20 நிமிடத் தொலைபேசி அழைப்பு. கேள்வி இரண்டுதான்: இந்த வாரம் எத்தனை நாள் ஜெபித்தீர்கள்? உங்களுக்காக எதை ஜெபிக்க? வாட்ஸ்அப் ஜெபக் குழுவில் அடுத்தவரின் நோய், கடன், குடும்பச் சண்டையை அவர் அனுமதியில்லாமல் போடாதீர்கள். ‘ஒரு சகோதரிக்காக’ என்றாலும் சபைக்குள் யார் என்று தெரிந்துவிடும்.

சபை இல்லாதவர்கள் தேடிக்கொள்ள சிரமமில்லை. ஷார்ட் ஸ்திரீட்டில் தமிழ் மெதடிஸ்ட் சபை, டோர்செட் ரோட்டில் ஆங்கிலிக்கன் கிறிஸ்து ஆலயம், ஓஃபிர் ரோட்டில் கத்தோலிக்கரின் லூர்து அன்னை ஆலயம் ஆகியவை நெடுங்காலமாகத் தமிழர் கூடும் இடங்கள். ஜூரோங், செம்பவாங் போன்ற வட்டாரங்களிலும் தமிழ்ச் சபைகள் உண்டு. முதல்முறை போகும்போது ஆராதனை முடிந்து உடனே கிளம்பிவிடாமல் தேநீருக்கு நில்லுங்கள். ஜெபத் துணை பெரும்பாலும் அங்கேதான் கிடைப்பார்.

நாள் தவறும். காய்ச்சல், பயணம், மாதக் கணக்கு முடிக்கும் வாரம், எதுவாவது வரும். தவறிய நாட்களுக்குச் சேர்த்து ஜெபிக்க முயலாதீர்கள், விட்டுப்போன அதிகாரங்களையும் பின்னால் போய்ப் பிடிக்க வேண்டாம். குறிப்பேட்டில் அன்றைய தேதியைப் போடுங்கள், அடையாளம் வைத்த பக்கத்திலிருந்து வாசியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் விட்டுப்போயிருந்தால் முதல் மூன்று நாள் 5 நிமிடம் மட்டும் வைத்துக்கொண்டு, நான்காம் நாள் 15-க்குத் திரும்புங்கள்.